ஆசிரியர் பதில்: கிடையாதாக்கும்

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'மொய் வைக்காதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது' என்று கிண்டலாக எழுதினேன். சம்பந்தி வீட்டார் நிஜமென்று நினைத்துக் கோபித்துக்கொண்டார்கள். சிரிப்பு முகக்குறி போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா?
- வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: தப்பித்திருப்பீர்கள் அம்மா. அது பிறந்ததே இப்படியொரு வழக்கில்தான். 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக யாரோ கணினியில் கேலி பேச, சிலர் மெய்யென்று நம்பிவிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று அங்கிருந்த கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் வழி சொன்னார்: முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி. :-) சாய்த்துப் படியுங்கள் என்றும் எழுதினார். அன்றிலிருந்து உலகத்துக்கே கழுத்து வலி.

சரி, 'குறி' என்றீர்களே, அங்கே வருகிறேன். எனக்கு அதில் பழைய காயம் உண்டு. நம் ஊர்க் கவிஞர் ஒருவர் 24 வரிக் கவிதை அனுப்பினார். அதில் 31 ஆச்சரியக்குறிகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அச்சிட்டேன். மிஞ்சியது கவிதையா என்று கேட்காதீர்கள், இன்றுவரை என்னோடு பேச்சில்லை. போன மாதம் லிட்டில் இந்தியா தேநீர்க் கடையில் என்னைக் கண்டதும், பாதி குடித்த தே தாரிக்கோடு நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நுரை மீசையில் ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்கு எந்தக் கைப்பேசியிலும் குறி கிடையாது.

வள்ளுவர்கூட 'குறிப்பறிதல்' என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார், பொருளில் ஒன்று, காமத்தில் ஒன்று. அரசவைக்கும் காதலுக்கும் எழுதியவர் சம்பந்திகளை விட்டுவிட்டார். இருபது குறள் படித்துவிட்டா மொய் எழுத வரப்போகிறார்கள்?

முகமே வேண்டாம் என்கிறேன் நான். 'சாப்பாடு கிடையாதாக்கும்' என்று எழுதியிருந்தால் போதும். அந்த 'ஆக்கும்' ஒன்றே கண்ணடித்துவிடும். அல்லது நம் ஊர் வழக்கப்படி 'சாப்பாடு கிடையாது லா'. 'லா' வந்த பிறகும் கோபித்துக்கொள்கிறவர்கள் மொய் வைக்க வாய்ப்பில்லை, விட்டுத்தள்ளுங்கள்.

அப்புறம், பொங்கல் மலருக்கு மனம் இறங்கி அந்தக் கவிஞரிடமே கவிதை கேட்டுச் செய்தி அனுப்பினேன். ஒற்றைக் கட்டைவிரல் வந்தது. சம்மதமா, சாபமா தெரியவில்லை. ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.