தூரத்து ஊர் டீலரிடம் நேரில் பார்க்காமல் பழைய கார் வாங்கலாமா?

வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன், இன்றைக்கும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன்.

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: தேடும் மாடல் தன் ஊரில் கிடைக்கவில்லை, வெகு தூரத்தில் ஒரு டீலரிடம் இருக்கிறது, படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, "இன்னொரு பார்ட்டி பார்க்க வருகிறார்கள், இன்றே முன்பணம் போட்டால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறோம்" என்கிறார்கள். இதற்கு வந்திருக்கும் பதில்களில் பெரும்பாலானவை "உங்களுக்கென்ன பைத்தியமா" ரகம். கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவர்கள் ஏமாறத்தான் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நேரில் போய், காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, ஹாரன் அடித்துப் பார்த்து வாங்கியவர்கள் யாருமே ஏமாறவில்லையா? கார் தெரியாதவர் பக்கத்தில் நின்றாலும் பெயின்ட்டைத்தான் பார்ப்பார். விஷயம் தெரிந்த ஒரு ஆள் பார்க்க வேண்டும். அது நீங்களாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான். ஆனால் அந்த முன்பணத்தை மட்டும் இன்றைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேண்டியிருந்தது மேனுவல் கியர் வைத்த, பின்னால் நிறைய இடம் உள்ள வேகன். புதிதாக வருவதெல்லாம் ஆட்டோமேட்டிக். பழையது கிடைத்தால்தான் உண்டு, அதுவும் எப்போதாவது ஒன்று. அப்படி ஒன்று ஒரு நாள் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேர முடியும் என்ற தூரத்தில் இருந்தது. டீலருக்கு போன் செய்தேன். கிளட்ச் எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு, "மேடம், வீட்டில் சார் இருந்தால் கொடுங்களேன், டெக்னிக்கலாகப் பேசிக்கொள்கிறோம்" என்றார்கள். எந்த டீலரைக் கூப்பிட்டாலும் இது ஒரு முறையாவது வரும். கார் என் பெயரில், பணம் என் சம்பளம், ஓட்டப்போவது நான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி. அந்த ஊரில் அதே கம்பெனி கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் பிடித்தேன். டீலரிடம் கேட்டால் அவர்களும் ஒரு மெக்கானிக் பெயர் தருவார்கள், அது வேண்டாம். ஒர்க்‌ஷாப்காரரிடம், "உங்களுக்குத் தெரிந்த கார், போய்ப் பார்த்துச் சொல்ல எவ்வளவு வாங்குவீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். டீலரிடம் சொன்னதும், "எங்களிடமே செக்கிங் ரிப்போர்ட் இருக்கிறதே மேடம், எல்லாப் பாயின்ட்டும் டிக் போட்டிருக்கிறது" என்றார்கள். விற்கிறவர் எழுதிய ரிப்போர்ட்டை விற்கிறவர் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பிப் பணம் போட முடியாது, அவ்வளவுதான்.

இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று டீலரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறிக் கிடக்கும் இன்ஜினை முதலில் எழுப்பும்போதுதான் அதன் குறைகள் வெளியே வரும். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும், எண்ணெய் எரிந்தால் நீலப்புகை வரும். சூடேறிவிட்டால் இரண்டும் அடங்கிவிடலாம். மெக்கானிக் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், காரைத் திறக்கக்கூடச் சொல்லாமல் பானெட் மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறார். வீடியோ காலில் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தேன். "மேடம், சுடுது" என்றார்.

அத்தோடு அவர் கிளம்பிவிடவில்லை. கையோடு கொண்டுபோன, இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும், ஓபிடி போர்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. கோளாறு கோடு, அதாவது என்ன பழுது என்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் குறியீடு, எதுவும் இல்லை என்று வந்தது. டீலர் பக்கம் ஒரே சந்தோஷம். ஆனால் மெக்கானிக் அடுத்த பக்கத்துக்குப் போனார். இன்ஜின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சில பரிசோதனைகள் உண்டு. கோளாறு கோடுகளை அழித்தால் அவையும் சேர்ந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். பலவிதமாக ஓட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடியும். அந்தக் காரில் பெரும்பாலானவை முடியாமல் இருந்தன. கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் என்று இன்னொரு கணக்கும் உள்ளே இருக்கும். அது 9 கிலோமீட்டர் என்று காட்டியது, அதாவது இப்போதுதான் அழிந்திருக்கிறது.

டீலர், "பேட்டரி மாற்றினோம், அதனால் ரீசெட் ஆகியிருக்கும்" என்றார். நியாயமாகச் சொன்னால் அப்படியும் நடக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இதே போலத்தான் காட்டும். அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை. "சரி, நல்லபடியாக ஓட்டி அந்தப் பரிசோதனைகள் முடியட்டும், அப்புறம் இதே மெக்கானிக் மறுபடி வந்து பார்க்கட்டும், அந்தச் செலவும் என்னுடையதே" என்றேன். முடியாது என்றார்கள். கார் நன்றாக இருந்து, செலவும் என்னுடையது என்றால், மறுப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? அதற்குப் பதில் கிடைக்கவில்லை, நான் விட்டுவிட்டேன். மெக்கானிக் கூலி வீண்தானே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எனக்கு அது வீண் இல்லை. ஒரு இன்ஜின் வேலையின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.

"அப்படியானால் எல்லா டீலரும் திருடர்களா?" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இல்லை. நான் கடைசியில் கார் வாங்கியவரும் டீலர்தான், அவர் இன்னும் தூரத்து ஊர்க்காரர். வீடியோ கேட்டதும் சினிமா மாதிரி பாட்டுப் போட்டு அனுப்பவில்லை. கதவு ஓரங்கள், வீல் கீறல்கள், டிரைவர் சீட்டின் தேய்ந்த விளிம்பு, பெடல் ரப்பர் என்று பொறுமையாகக் காட்டினார். இடது முன் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, ஒரு முறை பெயின்ட் அடித்தது என்று, நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். அந்த ஊரில் நான் பிடித்த மெக்கானிக் பெயின்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் 110, 120 மைக்ரான், கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ஃபெண்டரில் மட்டும் 260. நசுங்கிய பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பிய இடமாக இருந்தால் இன்னும் பல மடங்கு காட்டும். பெயின்ட் மட்டும்தான், டிங்கரிங் வேலை எதுவும் இல்லை. சொன்ன வார்த்தை அளவோடு பொருந்திய அந்த இடத்தில்தான் எனக்கு அந்த டீலர் மேல் நம்பிக்கை வந்தது. குறையே இல்லாத பழைய கார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும்.

நீங்களே வீட்டிலிருந்து கேட்டு வாங்கக்கூடிய படங்களும் இருக்கின்றன. நான்கு டயரின் பக்கவாட்டிலும் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. மிகக் குறைவாக ஓடிய கார் என்று சொல்லிவிட்டு நான்கு டயரும் வெவ்வேறு வயதில் இருந்தால் காரணம் கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகளையும் கேளுங்கள், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் சீட் பெல்ட். கடைசி வரை இழுத்துப் பிடித்து, சுருண்டிருக்கும் அடிப்பகுதியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரில் சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், ஆனால் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கறை தங்கிவிடும். 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு தூரத்து மாநிலங்களுக்குப் போய் விலைபோனது உலகம் அறிந்த செய்தி. வெள்ளம் வந்த ஊரில் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், தூரத்து ஊரில் யாருக்குத் தோன்றும்?

நான் வாங்கிய காரில் டிக்கியின் தரையைத் தூக்கிக் காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது, ஸ்டெப்னி இல்லை. தொலைந்துபோகவில்லை, அந்த மாடலிலேயே கொடுக்கவில்லை. ஒரு பாட்டில் பசையும் ஒரு சின்னக் காற்று பம்ப்பும் மட்டும். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்று எனக்குப் பெரிய ஆதங்கம். ஆணி குத்திய சின்ன ஓட்டையைத்தான் அந்தப் பசை அடைக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இரவில் நடு ரோட்டில் நின்றுகொண்டு யாருக்காவது போன் செய்ய வேண்டியதுதான். எடை குறைகிறது, எரிபொருள் மிச்சம் என்று கம்பெனிகள் காரணம் சொல்கின்றன. காருக்கு ஐந்தாவது சக்கரம் கொடுப்பதை ஆடம்பரம் ஆக்கியது யார்? நான் தனியாக ஒரு வீல் வாங்கி வைத்திருக்கிறேன், டிக்கியில் பாதி இடம் அதற்கே போகிறது, பரவாயில்லை.

பேப்பரும் பணமும். சேஸிஸ் நம்பர் 17 இடம் கொண்டது. ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். காரில் அது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்றும் பேப்பரோடும் ஒத்துப்போக வேண்டும். நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைத்த வேலை, பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், தக்காட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதை டீலர் வாயால் கேட்காமல் பதிவு ஆவணத்தில் பாருங்கள்.

டீலரே நிஜமா என்பதும் ஒரு கேள்வி. நிஜமான டீலரின் பெயரையும் படங்களையும் அப்படியே எடுத்துப் போட்டுப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, வேறு வழியில் கிடைத்த நம்பருக்குப் பேசுங்கள். கடைப் பலகையில் ஆரம்பித்து, நடந்து வந்து, கார் வரை, சேஸிஸ் நம்பர் வரை, போனை இறக்காமல் ஒரே ஓட்டத்தில் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். நிறுத்தி வைக்கப் பணம் கேட்டால், சோதனையில் திருப்தி இல்லை என்றால் முழுதும் திரும்பத் தரப்படும் என்று எழுத்தில் வாங்கி, கம்பெனிக் கணக்குக்கு மட்டும், சின்னத் தொகையாகப் போடுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அந்த இன்னொரு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டீலர் கடைக்கே போகாமல் முழுக்கத் தொலைவிலிருந்து வாங்கினால், காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. உங்கள் நாட்டில் என்ன சட்டம் என்று பணம் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காரை ஏற்றி வரும் லாரி. ஏற்றும்போது நான்கு பக்கமும், ஓடோமீட்டரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறக்கும்போது நீங்கள் பார்த்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு வந்தது ராத்திரியில், மழையில். நனைந்த காரில் கீறல் தெரியாது. டிரைவர் அவசரப்படுத்தினார், அவரும் பாவம் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். "இருட்டு, மழை, முழுமையாகப் பார்க்க முடியவில்லை" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் பார்த்தால் பின் பம்பரின் மூலையில் புதுச் சிராய்ப்பு, ஏற்றும்போது எடுத்த படத்தில் அது இல்லை. ரசீதில் எழுதிய வரியையும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். லாரிக் கம்பெனி கொஞ்சம் முனகிவிட்டுப் பெயின்ட் செலவைக் கொடுத்தது.