ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்தது ஹௌட்டன் குழு. ரத்த மாதிரிகளைச் சேர்த்து வைத்தவர்தானே ஹார்வி ஆல்டர்? அவருக்கு ஏன் 2020 நோபல் பரிசில் பங்கு?

கேள்வியில் இருக்கும் அந்த "தானே"வுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்று நினைக்கிறேன். மைக்கேல் ஹௌட்டன் வைரஸைக் கண்டுபிடித்தார், அந்த வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்று 1997இல் சார்லஸ் ரைஸ் காட்டினார் என்று இரண்டு வரி சுலபமாக மனப்பாடம் ஆகும். ஆல்டருக்கு என்று அப்படி ஒரு வரி அமையாது. சந்தேகம் வருவதில் தப்பில்லை.

நான் டாக்டர் இல்லை, வைராலஜிஸ்டும் இல்லை. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு 2003 முதல் தமிழ்நாட்டில் ஒரு ரத்த வங்கியில் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. "லேப்காரம்மாவுக்கு நோபல் கமிட்டியைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஃப்ரீசரைப் பற்றி ஓரளவு தெரியும்.

ஆல்டர் அமெரிக்காவில் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ரத்த வங்கிக்காரர். 1960களில் அங்கே இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் 100க்கு 30 பேருக்கு மேல் கல்லீரல் அழற்சி வந்துகொண்டிருந்தது. காசுக்கு ரத்தம் விற்பவர்களிடம் வாங்குவதை நிறுத்தினார்கள், பி வைரஸுக்கு டெஸ்டும் வந்தது, எண்ணிக்கை 10 பக்கம் இறங்கியது. அந்த பி வைரஸின் அடையாளமான ஆஸ்திரேலியா ஆன்டிஜெனை 60களில் ப்ளம்பெர்க் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து முதலில் பார்த்தவரும் இதே ஆல்டர்தான். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் சீரத்துக்கும் (ரத்தம் உறைந்த பின் மேலே பிரியும் தெளிந்த நீர்) ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துக்கும் நடுவில், ஜெல்லில் ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான் தொடக்கம்.

மீதி 10 பேருக்கு ஏன் வருகிறது? 1975இல் அப்படிப்பட்ட 22 நோயாளிகளின் சீரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏ வைரஸ் ஒருவருக்கும் இல்லை, பியும் இல்லை. அதனால் "ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல" என்றே நோய்க்குப் பெயர். இன்னது என்று தெரியாமல் இன்னது இல்லை என்று மட்டும் தெரிந்த ஒரு நோயை மனுஷன் 14 வருடம் துரத்தினார். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை விடாமல் வரவழைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் டெஸ்ட் பார்த்து, மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து, அவர்களுக்கு ரத்தம் கொடுத்தவர்களின் மாதிரியையும் பக்கத்திலேயே வைத்து.

அந்த வருடங்களில் டெஸ்ட் கண்டுபிடித்துவிட்டோம் என்று எத்தனையோ லேபுகள் வந்தன. ஆல்டர் வாதம் பண்ணவில்லை. பெயருக்குப் பதில் சங்கேத எண் ஒட்டிய சீரம் வரிசை ஒன்றை அனுப்பி வைப்பார். நோய் உள்ளது, இல்லாதது, ஒரே சீரம் இரண்டு குழாயில் என்று கலந்திருக்கும். வந்த லேபுகளெல்லாம் அதில் மாட்டிக்கொண்டன. கைரான் கம்பெனியில் ஹௌட்டனும் க்வி-லிம் சூவும் ஜார்ஜ் குவோவும், சிம்பன்சி பிளாஸ்மாவிலிருந்து செய்த சுமார் 10 லட்சம் குளோன்களை, அதாவது பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கிய மரபணுத் துண்டுகளைச் சலித்து ஒன்றே ஒன்றைப் பிடித்தார்கள் (கேள்வியில் வைரஸையே கண்ணால் பார்த்த மாதிரி தொனி இருக்கிறது. பிடிபட்டது மரபணுவின் ஒரு துண்டுதான்). அதை வைத்துச் செய்த டெஸ்ட்தான் ஆல்டரின் வரிசையைச் சரியாகப் பிரித்துச் சொன்ன முதல் டெஸ்ட். அந்தக் குழாய்கள் இல்லாவிட்டால், கைரான் பிடித்தது இந்த நோயின் வைரஸ்தான் என்று உலகம் உடனே ஒப்புக்கொண்டிருக்குமா?

1989இல் பழைய குழாய்களை எடுத்து டெஸ்ட் போட்டார்கள். நோய் நாள்பட்டுப்போன 15 பேர், 15 பேரிடமும் ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதம்). ஆனால் அது தலைகாட்ட ரத்தம் ஏற்றிச் சராசரியாக 22 வாரம் ஆகியிருந்தது. ஒருவர் ரத்தத்தில் வைரஸ் இருந்தும் டெஸ்டில் மாட்டாத காலத்தை விண்டோ பீரியட் என்போம். அதன் அன்றைய நீளம் அப்படித்தான் தெரியவந்தது. வாராவாரம் எடுத்து வைத்த மாதிரி இல்லாமல் அந்த 22ஐ எந்த மேதையாலும் எண்ணியிருக்க முடியாது.

இப்போது என் கதை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் பழைய தலைமை டாக்டர் 2006இல் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். ரத்தம் கொடுக்கும் ஒவ்வொருவரின் சீரத்திலும் ஒரு மில்லி, திருகுமூடி போட்ட சின்னக் குழாயில், மைனஸ் 80 ஃப்ரீசரில். பை எண்ணும் தேதியும் எழுதுவது என் வேலை. சாதாரண மார்க்கர் என்றால் ஸ்பிரிட் பட்டதும் அழிந்துவிடும் என்று அதற்கென்றே ஒரு பேனாவைப் பூட்டி வைத்திருப்பேன். எட்டு வருடத்தில் 30,000க்கு மேல் சேர்ந்துவிட்டது. 2012இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். நடுராத்திரி ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லிப் போயிருக்கிறேன். "ரத்தம் கொடுத்தவனே தூங்குறான், உனக்கென்ன" என்று திட்டிக்கொண்டேதான் வருவார்.

2014 ஏப்ரலில் கட்டடத்துக்குப் பெயின்ட், இன்ஸ்பெக்‌ஷன். டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். "இதெல்லாம் எந்த ரூல்ல இருக்கும்மா? ரத்தம் போனப்புறம் ஏழு நாள் வெச்சா போதும்னுதானே சட்டம்?" என்றார்கள். சட்டம் அப்படித்தான். இடத்தை அடைக்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது. அதுவும் பொய்யில்லை. பெட்டி பெட்டியாக ஆட்டோகிளேவில் போட்டு, பையில் கட்டி, கழிவு வண்டியில் ஏற்றினோம். அழித்ததற்கான ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஜூன் 14, ரத்த தான நாள் கேம்ப். வழக்கமாகக் கொடுக்கும் ஆட்டோக்காரர் அண்ணன் ஒருவர், அவருக்கு அது 15ஆவது முறை. மறுநாள் ஹெச்.சி.வி. எலைசா (சி வைரஸுக்கான ஆன்டிபாடி இருந்தால் நிறம் மாறும் டெஸ்ட்) போட்டேன். சப்ஸ்ட்ரேட் விட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, 96 குழியில் ஒரே ஒரு குழி மட்டும் கரு நீலம். ஆசிட் விட்டதும் மஞ்சளாகி அப்படியே நின்றது. இரட்டையாகத் திரும்பப் போட்டேன், இரண்டும் மஞ்சள்.

பிப்ரவரியில் அவர் கொடுத்தபோது நான்-ரியாக்டிவ், அதாவது டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடுவில் நாங்கள் கிட் மாற்றியிருந்தோம். பழையதைவிட இது கூர்மையான கிட். அப்படியானால் தொற்று பிப்ரவரிக்குப் பிறகு வந்ததா, அதற்கு முன்பே இருந்து பழைய கிட்டில் தப்பியதா? பிப்ரவரிக் குழாயை எடுத்துப் புது கிட்டில் போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதி தெரிந்துவிடும். ஃப்ரீசர் வரை நடந்துவிட்டேன். கதவில் கை வைத்த பிறகுதான் உள்ளே ஐஸ் பேக் மட்டும்தான் இருக்கிறது என்று உறைத்தது.

கடைசி இரண்டு முறை அவர் கொடுத்த ரத்தம் ஐந்து பேருக்குப் போயிருந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்துப் போன் போட்டோம். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டும் நான்-ரியாக்டிவ். ஒருவர் ஏற்கெனவே வேறு நோயில் இறந்திருந்தார். ஒரு வீட்டில் "எங்களுக்கு எந்த டெஸ்டும் வேணாம்" என்று வைத்துவிட்டார்கள். ஐந்தாவது எண் உபயோகத்தில் இல்லை. அதற்கும் முந்தைய 12 முறைகளின் கணக்கை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னபோது, "மஞ்சக்காமாலையே வந்ததில்லையே மேடம்" என்றார். பெரும்பாலோருக்கு வருவதில்லை, அதுதான் இந்த வைரஸின் குணம். அடுத்த கேள்வி, "கீழாநெல்லி குடிச்சா போயிடுமா?"

இதைப் பற்றி ஒரு புலம்பல் எனக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கீழாநெல்லி ஆராய்ச்சி நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தியாகராஜன் குழு, கூடவே நோபல் வாங்கிய அதே ப்ளம்பெர்க். 1988இல் லான்செட்டில் வந்தது. 37 பேருக்கு மருந்து, 22 பேருக்கு பி வைரஸின் ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள், பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் பி வைரஸ், சி இல்லை. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டாம் பாதி மட்டும் வருவதே கிடையாது. சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், என் மாமியார் வீட்டுக் கொல்லையிலும் கீழாநெல்லி இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன் விஷயத்தில் நல்லதும் நடந்தது. மறு வருடம் சோஃபோஸ்புவிர் மாத்திரை நம் கம்பெனிகளே தயாரித்துக் கட்டுப்படியாகும் விலையில் வந்துவிட்டது. சாப்பிட்டார், வைரஸ் போய்விட்டது. ஆன்டிபாடி போகாது என்பதால் ரத்தம் கொடுக்க முடியாது. இதை ஒவ்வொரு ஜூனிலும் அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

பரிசில் அநியாயம் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. சூவும் குவோவும் விட்டுப்போனார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை என்று 2013இல் கனடாவின் பெரிய மருத்துவ விருதான கெய்ர்ட்னரையே ஹௌட்டன் வேண்டாம் என்றவர். நோபலை ஏற்றுக்கொண்டார். அதைக் குறை சொல்ல நான் யார்.

ஆல்டருக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து விடிவதற்கு முன்னால் போன் வந்ததாம். முதல் இரண்டு தடவை எடுக்கவே இல்லை, ஏதோ விற்கிறவர்கள் என்று மூன்றாவது தடவை எரிச்சலோடு எடுத்தாராம். அப்போது அவருக்கு 85 வயது.

எங்கள் லேபில் 2016இல் எழுதிக் கேட்டு மறுபடி ஒரு ஃப்ரீசர் வாங்கினோம். பழையதில் பாதிகூட இருக்காது, மேல் இரண்டு தட்டு வேறு சாமான் வைக்கவே சரியாகிவிடுகிறது. கீழ்த்தட்டில் குழாய்கள். பேனாவை இன்னும் நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன்.