ஊட்டிக்கு 62 ஆயிரம், மலேசியாவுக்கு 66 ஆயிரம்: எது லாபம்?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, மாமியாருக்கு 67 வயது. கடந்த மே மாதம் ஐந்து பேரும் ஊட்டிக்குப் போய் மூன்று இரவு தங்கினோம். கார் வாடகை டிரைவர் பேட்டாவோடு 18,500, இரண்டு அறைக்கு 27,000, சாப்பாடு 11,500, படகு, பூங்கா, சாக்லேட், வர்க்கி என்று 5,000. மொத்தம் 62,000 ரூபாய். அதே மாதம் என் கொழுந்தனாரும் ஓரகத்தியும் கோலாலம்பூருக்கு மூன்று இரவு பேக்கேஜில் போய் வந்தார்கள். தலைக்கு 33,000, இருவருக்கும் 66,000. 'இன்னும் நாலாயிரம் போட்டிருந்தால் ஃபாரினே போயிருக்கலாம்' என்று அன்றிலிருந்து என் கணவர் புலம்புகிறார். அடுத்த வருடம் மலேசியாதான் என்கிறார். எனக்கு ஒன்றரை லட்ச ரூபாய் சீட்டு வரும் மார்ச்சில் முடிகிறது. அதை இதில் போடலாமா? உள்ளூரில் சுற்றுவது உண்மையிலேயே வெளிநாட்டைவிடச் செலவா? மாமியார் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். ஆனால் பத்துமலை முருகன் போட்டோவைக் கொழுந்தனார் காட்டியபோது, போனைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
- வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கணக்கை இவ்வளவு சுத்தமாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதி, ஒரே ஒரு வகுத்தல் கணக்கு.

ஊட்டிக்குப் போனது ஐந்து பேர். 62,000ஐ ஐந்தால் வகுத்தால் தலைக்கு 12,400. மலேசியா போனது இரண்டு பேர், தலைக்கு 33,000. அதே பேக்கேஜில் நீங்கள் ஐந்து பேரும் போயிருந்தால் 1,65,000. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'நாலாயிரம்' உங்கள் குடும்பத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும்.

இதில் அவர் மேல் தப்பே இல்லை. எல்லோருமே இப்படித்தான் ஒப்பிடுகிறோம். காரும் அறையும் மொத்தத்துக்கு வரும் செலவு. காரில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் வாடகை ஒன்றுதான். விமான டிக்கெட் தலைக்கு வரும் செலவு. ஒன்பது வயதுப் பையனுக்கும் தனி சீட், தனிக் கட்டணம். அதனால் குடும்பம் பெரிதாகப் பெரிதாக உள்ளூர்ப் பயணம் மலிவாகும், வெளிநாட்டுப் பயணம் ஏறும். இருவராகப் போகிறவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்பதும் இதனால்தான். உங்கள் கொழுந்தனார் எனக்குக் கடிதம் எழுதி, டிசம்பரில் கோவா போவதா கொழும்பு போவதா என்று கேட்டிருந்தால், கொழும்பையும் விசாரியுங்கள் என்றே சொல்லியிருப்பேன். உள்நாட்டு விமானத்துக்கு இங்கே நிரப்பும் எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் 29 சதவீதம் வாட் வரி உண்டு. வெளிநாடு போகும் விமானத்துக்கு அந்த வரி கிடையாது. அதோடு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொண்டால், உள்நாட்டு டிக்கெட் வெளிநாட்டு டிக்கெட்டை எட்டிப் பிடித்துவிடும்.

சரி, அப்படியானால் உங்கள் கணவருக்கு ஏன் ஏமாந்த மாதிரி இருக்கிறது? அந்த உணர்வில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

நீங்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 4,500 கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்குக் கோலாலம்பூரில் நீச்சல் குளத்தோடு நல்ல ஹோட்டலே கிடைக்கும். ஊட்டியில் மே மாதம் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் மே இரண்டாம் வாரத்தில் நான் தங்கிய அறையில் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். வெந்நீர் காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைதான். போர்வையில் நாப்தலின் வாசனை. அதற்கு 4,200 ரூபாய் வாங்கினார்கள். அதே வருடம் அக்டோபர் தொடக்கத்தில் வேறு வேலையாகப் போக வேண்டி வந்தது. அதே லாட்ஜில் அதே அறைதான் கிடைத்தது. அதே ஈரச் சுவர், கதவு சரியாக மூடாத அதே மர அலமாரி. வாடகை 1,600. கூடுதலாகக் கொடுத்த 2,600 ரூபாய் மே மாதத்துக்கான விலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பெரிய லீவு. வெயில் தாங்காமல் எல்லோரும் ஓடுவது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான். மலையில் இஷ்டத்துக்குக் கட்டடம் கட்டிக்கொண்டே போகவும் முடியாது, போகவும் கூடாது. அறைகள் அதே எண்ணிக்கை, வருகிறவர்கள் பல மடங்கு. வண்டி நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரலில், சீசனில் ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். கோலாலம்பூருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒரு பெரிய தலைநகரம், ஆயிரக்கணக்கில் அறைகள், நம் ஊர் லீவை நம்பி அங்கே யாரும் விலை வைப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஒப்பிட்டது நம் ஊரின் மிக மோசமான மாதத்தையும் அந்த ஊரின் சாதாரண மாதத்தையும்.

அதனால் என் யோசனை இது. ஊட்டி வேண்டுமென்றால் மே மாதத்தை விட்டுவிடுங்கள். காலாண்டுத் தேர்வு லீவில் போங்கள். செப்டம்பர், அக்டோபர் ஊட்டிக்கு இரண்டாவது சீசன், பூக்கள் இருக்கும், குளிர் இருக்கும், கூட்டம் மேயில் வருவதில் கொஞ்சம்தான். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் மழையும் மண்சரிவும் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது.

திருச்சியிலிருந்தே கார் எடுக்காதீர்கள். கோவை வரை ரயில், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அடுத்த நாள் காலை 7.10க்கு மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பாதையை எஞ்சின் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும். உங்கள் மகன் ஜன்னலை விட்டு அசைய மாட்டான். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்போல ஆகும். மாமியாருக்கும் கால் வலிக்காது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் போக ஜூலை கடைசியில் காலை எட்டு மணிக்குப் போனோடு தயாராக உட்கார வேண்டும். மலை ரயிலில் இடம் கிடைத்த பிறகு அறை போடுங்கள். ஊட்டிக்குள் சுற்ற அங்கேயே ஒரு நாள் மட்டும் வண்டி பிடித்தால் போதும். அப்புறம் ஒன்று, 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் பழைய 12 சதவீதத்தைப் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிப் போனால் கார் வாடகையிலும் அறை வாடகையிலும் சேர்த்து உங்களுக்கு இருபதாயிரத்துக்கு மேல் மிச்சமாகும் என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது கடைசி வரியைத்தான். போனைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். 67 வயதில், எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஒரு பெண்மணி அதற்கு மேல் எப்படிக் கேட்பார்? ஆகவே மலேசியாவே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஊட்டியைவிட மலிவு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான். இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும் என்று தெரிந்தே, அத்தைக்காகப் போங்கள். அடுத்த வருடக் காலாண்டு லீவில் வைத்துக்கொண்டால், சீட்டுப் பணமும் கையில் இருக்கும், டிக்கெட்டை நாலைந்து மாதம் முன்பே போடவும் முடியும். சீட்டு மொத்தத்தையும் இதில் கரைக்க வேண்டாம். ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடுங்கள், மீதியை ஊட்டியில் மிச்சம் பிடித்ததும், மாதாமாதம் போடும் சிறு தொகையும் பார்த்துக்கொள்ளட்டும்.

பேக்கேஜ்காரர் சொல்லும் தொகையோடு செலவு முடியாது. முதலில் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 1,500, பிள்ளைகளுக்கு 1,000, அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. ஐந்து பேருக்கும் 6,350 ரூபாய். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். விசாவுக்குச் செலவில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். ஆனால் இந்தச் சலுகை அறிவிக்கப்பட்டிருப்பது 2026 டிசம்பர் 31 வரைக்கும்தான். நீங்கள் அதற்குப் பிறகு போவதால், டிக்கெட் போடும் முன் நீட்டித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். நம் ஊர் கார்டை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். திருச்சியிலேயே கொஞ்சம் ரிங்கிட் மாற்றி எடுத்துப் போவது மேல். பேக்கேஜ்காரர் டிசிஎஸ் என்று, வருமான வரிக்கு முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார். அது போய்விட்ட பணம் இல்லை, வருமான வரி கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் வீட்டுக்காரர் கழித்துக்கொள்ளலாம்.

மலிவு விமானத்தில் டிக்கெட்டோடு வருவது கையில் எடுத்துப்போகும் 7 கிலோ மட்டும்தான். பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. கோலாலம்பூர் விமான நிலையத்தில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு திருச்சிக் குடும்பத்தைப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. பெட்டியைத் தரையில் திறந்து வைத்திருந்தார்கள். கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ டின்கள், சொந்தக்காரர்களுக்கு வாங்கிய துணி. அந்த அம்மா ஒவ்வொரு டின்னாக எடுத்து, இது யாருக்கு, இது யாருக்கு என்று சொல்லிச் சொல்லி வெளியே வைத்துக்கொண்டிருந்தார். வாங்கிய விலையைவிட அதைக் கொண்டுவரும் கட்டணம் அதிகமாகியிருந்தது. பெட்டிக்கான எடையை வீட்டிலிருந்தே டிக்கெட்டோடு வாங்கிவிடுங்கள். கவுன்டரில் கேட்டால் மிக அதிகம்.

பத்துமலை போக டாக்ஸி தேவையில்லை. கேஎல் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் கோயில் வாசலிலேயே இறக்கிவிடும், சில ரிங்கிட்தான். குகைக்கு 272 படி. முட்டி வலி இருந்தால் அத்தையை ஏற்ற வேண்டாம். 140 அடி முருகன் படிக்கட்டுக்குக் கீழேயே நிற்கிறார், தரையில் நின்றே ஆசை தீரப் பார்க்கலாம். கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ், நம் ஊர்க் கடைகள் நிறைந்த பகுதி. வாழை இலைச் சாப்பாடு அங்கே கிடைக்கும் என்பதால் அவருக்கு உணவுக் கவலை வேண்டாம்.

அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறதே என்றால், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் 146 அடி. பத்துமலையைவிட ஆறு அடி கூட. 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆனது. காலையில் திருச்சியில் கிளம்பினால் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். போகும் வழியில், அடுத்த வருடம் பத்துமலை போகிறோம் அத்தை என்று உங்கள் வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அத்தையின் ஆதார், பான் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துப் பாருங்கள். அந்த வயதுப் பெண்களுக்கு ஒன்றில் அப்பாவின் இனிஷியலும் இன்னொன்றில் கணவரின் இனிஷியலும் இருக்கும், பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. பாஸ்போர்ட் விண்ணப்பம் அங்கேதான் மாதக்கணக்கில் நின்றுவிடும். ஆதாரை முதலில் திருத்திவிட்டு மற்றதற்குப் போங்கள்.