பர்ஸ் திரும்பி வந்தது, குடை வரவில்லை

வணக்கம் ஐயா,

டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறேன். மென்பொருள் வேலை. சென்ற மாதம் என் மனைவி தோசாய் லைன் ரயிலில் பர்ஸை விட்டுவிட்டாள். வங்கி அட்டைகள், குடியிருப்பு அட்டை, கையில் கொஞ்சம் கணிசமான பணம். மறுநாளே கிடைத்துவிட்டது, ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது நம் ஊர் நண்பர் ஒருவர், “அது அவங்க ரத்தத்துலயே இருக்கு, நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது” என்றார். எனக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஏனென்றால் அதே வாரம் கடை வாசலில் வைத்த என் குடையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

இன்னொன்று. மகள் ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். இங்கே பிள்ளைகள் பெற்றோர் இல்லாமலே பள்ளிக்கு நடந்து போகின்றன. அவளை அப்படி அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பர்ஸை எடுத்துக் கொடுத்தவருக்கு ஏதாவது தர வேண்டுமா என்பதும் தெரியவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

குமரன்

அன்புள்ள குமரன்,

குடையையும் சேர்த்து எழுதினீர்கள், நல்லது. ஜப்பானைப் புகழும் வெளிநாட்டவர் பெரும்பாலும் பர்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குடையை எடுத்தவரும் பர்ஸைக் கொடுத்தவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம் என்பது என் எண்ணம். பர்ஸுக்குள் பெயர் இருக்கிறது, அதைத் திருப்பிச் சேர்க்க வழியும் இருக்கிறது. சில நூறு யென்னுக்குக் கிடைக்கும் அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குடைகளோ எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மழை நேரத்தில் எது யாருடையது என்று எடுப்பவரும் பார்ப்பதில்லை, தொலைத்தவரும் தேடுவதில்லை. டோக்கியோ போலீசிடம் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் குடைகள் வந்து சேர்கின்றன. கேட்டு வருகிறவர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். சைக்கிள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே சைக்கிள் திருட்டு சர்வசாதாரணம். அதனால்தான் ஒவ்வொரு சைக்கிளையும் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இரவில் போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

ஆகவே ரத்தத்தை விடுங்கள். அங்கே நேர்மையாக இருப்பது சுலபம். அந்தச் சுலபத்தை யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள், சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கே தங்கியிருந்தபோது வழி கேட்க ஒரு கோபானுக்குள் போனேன். நம் ஊர் புறக்காவல் நிலையம் மாதிரி, ஆனால் தெருமுனைக்குத் தெருமுனை இருக்கிறது. எனக்கு முன்னால் பள்ளிப்பையோடு ஒரு பையன். கையில் 100 யென் நாணயம். காவலர் படிவத்தை எடுத்தார். எங்கே கிடந்தது, எத்தனை மணிக்கு, கடைக்கு முன்னாலா, கம்பத்தடியிலா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். கடைசியில், உரியவர் வராவிட்டால் இது உனக்கு வேண்டுமா என்றார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு “வேண்டும்” என்றான். அதையும் எழுதிக்கொண்டார். அதுவரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்தக் கேள்வி சும்மா கேட்டதல்ல. இழந்த பொருள் சட்டம் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. கண்டெடுத்தவர் ஏழு நாளுக்குள் ஒப்படைத்தால், உரியவரிடம் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கேட்டுப் பெறலாம். மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் கண்டெடுத்தவருக்கே சொந்தம். முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2007இல் குறைத்தார்கள். ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டால் குற்றம். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மார்க் வெஸ்ட் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பர்ஸுகளைக் கீழே போட்டுப் பார்த்தவர். அவர் முடிவும் கிட்டத்தட்ட இதுதான்: குணத்தை மட்டும் சொன்னால் போதாது, சட்டத்தையும் கோபானையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குணத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பரிசை வாங்காமல் போகிறவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் அந்தப் பையனைப் போல சின்ன வயதிலேயே படிவம் எழுதிப் பழகிய குணம் அது.

சரி, உங்கள் மகள். வீட்டுக்கு வெளியே நின்று தெருவைப் பாருங்கள். ஓரத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றனவா? இருக்காது. 1962இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்றிதழ் வாங்காமல் பெரும்பாலான இடங்களில் சாதாரணக் காரைப் பதிவு செய்ய முடியாது. அந்த இடமும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நின்றிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு குழந்தை திடீரென்று சாலைக்கு வரும் ஆபத்து இதனாலேயே பெரிதும் குறைகிறது. ஜப்பானியப் பெற்றோரின் தைரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சான்றிதழைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம், பள்ளி நடக்கும் தூரத்தில். போகும் வழி எது என்று பள்ளியே குறித்துக் கொடுக்கும். கடக்கும் இடங்களில் கொடியோடு தாத்தா பாட்டிகள் நிற்பார்கள். பயந்தால் ஓடி நுழையலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளும் கடைகளும் வழியில் உண்டு. மாலையில் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வருமே, பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பூகம்பம் வந்தால் அறிவிக்க வைத்த ஒலிபெருக்கி அது. தினமும் பாட்டுப் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

குழந்தையை அனுப்புங்கள். முதலில் நீங்களும் கூட நடந்து, வழியைக் காட்டிவிட்டு, அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுங்கள்.

இந்தச் சுலபம் எதுவும் இலவசமாக வருவதில்லை என்பதை மட்டும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 2017இல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 வினாடி முன்னதாகக் கிளம்பியதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகமே சிரித்து மெச்சியது. அதற்கு முன், 2005 ஏப்ரல் 25 அன்று ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமாகசாகியில் நடந்ததை அதே ஆர்வத்தோடு யாரும் பகிர்வதில்லை. ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான தாமதத்தோடு வந்த ரயிலை, 23 வயது ஓட்டுநர் 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116இல் ஓட்டினார். அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி, அவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தாமதித்த ஓட்டுநர்களை உட்காரவைத்து அவமானப்படுத்தும் ‘மறுபயிற்சி’ அந்த ரயில் நிறுவனத்தில் இருந்தது. அதன் பயம் அவர் மனதை ஆக்கிரமித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கையே சொன்னது. வாடிக்கையாளரின் வசவிலிருந்து ஊழியர்களைக் காப்பாற்ற 2025 ஏப்ரலில் டோக்கியோவில் தனியாக ஒரு விதியே நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் அந்தக் கும்பிடுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருந்திருந்தால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும்!

வீடு தேடிய அனுபவத்தை நீங்கள் எழுதவில்லை. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்குச் சுமார் 40 பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நிஷிகசாயில் இந்தியர்கள் சேர்ந்து வாழ்வதற்கு, ஜாமீன்தாரும் கேட்காமல், வீட்டுக்காரர் திருப்பித் தராத ‘சாவிப் பணமும்’ வாங்காமல் வீடு தரும் யுஆர் (அரசு சார்ந்த வாடகை வீட்டு நிறுவனம்) குடியிருப்புகள் அங்கே இருப்பது ஒரு முக்கியக் காரணம். பர்ஸைத் திருப்பித் தரும் அதே சமூகம்தான் இதுவும்.

பர்ஸ் கொடுத்தவர் விஷயம். ரயிலிலோ நிலையத்திலோ எடுத்து அங்கேயே ஒப்படைத்தால் கண்டெடுத்தவர் கேட்கக்கூடிய பங்கு பாதியாகிவிடும், மீதிப் பாதி அந்த நிறுவனத்துக்கு. அவர் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. பர்ஸை வாங்கும்போது கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தால் உங்கள் மனைவியே கூப்பிட்டு நன்றி சொல்லட்டும். உரிமை வேண்டுமென்று சொல்லியிருந்தால், பர்ஸ் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அவர் கேட்க வேண்டும்.