கரப்பனில் கிருமி பிடித்தால்: மிஸியிடம் கேளுங்கோ

தோல் கிளினிக்கில் கனகாலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி, எக்சிமா என்கிற கரப்பன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

உப்புவெளி: மிஸி, மகனுக்கு 4 வயசு. முழங்கை மடிப்பில தண்ணி வடியுது. கிருமி பிடிச்சிட்டுதோ?

வெறுமனே தண்ணி வடிந்தால், கரப்பன் கூடியதாகவும் இருக்கலாம். வடிந்தது காய்ந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுதா, சீழ்க் கொப்புளம் போடுதா என்று பாருங்கோ. கடி கடி என்று சொறிந்த பிள்ளை ‘நோகுது’ என்று கையைத் தொட விடாவிட்டால் அது பெரிய அடையாளம். எங்கட தோலில் சிவப்பு லேசில் தெரியாது. கருத்தோ ஊதா ஓடியோ இருக்கும். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கோ. இப்படியென்றால் டொக்டரிடம் காட்டத்தான் வேணும். மஞ்சள் பூசிக்கொண்டு போகாதேங்கோ. பொருக்கின் நிறமே தெரியாமல் போய்விடும்.

மூதூர்: ஸ்டீரொயிட் கிரீமுக்குப் பயந்து விட்டுட்டன். சரிதானே?

சரியில்லை. கரப்பன் அடங்காவிட்டால் தோல் வெடித்தே கிடக்கும். ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிக்கு அதுதான் வாசல். டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் பூசுங்கோ.

நிலாவெளி: மகளுக்கு முகமெல்லாம் கொப்புளம், காய்ச்சலும். அம்மை என்று அம்மா வேப்பிலை வைச்சுப் படுக்க வைச்சிருக்கிறா.

தங்கச்சி, வேப்பிலையோடு இருக்கட்டும் என்று விடாதேங்கோ. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. கொப்புளிப்பான் என்கிற அம்மை உடம்பெல்லாம் பரவி, புதுசும் காய்ந்ததுமாகக் கலந்து இருக்கும். கரப்பன் உள்ள இடத்திலேயே ஒரே அளவுச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாய் வந்து, உடைந்து, துளைத்தெடுத்தது மாதிரி வட்டப் புண்ணானால் அது எக்சிமா ஹெர்பெடிகமாக இருக்கலாம். வைரஸ் வேலை. அசைக்ளோவிர் என்கிற வைரஸ் மருந்தை நேரத்தோடு தொடங்க வேணும். சாதாரண அன்டிபயோட்டிக் அந்த வைரஸைக் கொல்லாது. கண்ணுக்குக் கிட்ட இருந்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளை சோர்ந்து கிடந்தால் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் போட்ட ஆரும் கரப்பன் பிள்ளையைக் கொஞ்சக் கூடாது. அந்த வைரஸ்தான் இது. மாமியாரிடம் சொல்லக் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லுங்கோ.

கிண்ணியா: கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா சுகம் வருமா? கடல்?

சுடுதண்ணி தோலை இன்னும் காய வைக்கும், கடியும் கூடும். புண் இருக்கும்போது இரண்டும் வேண்டாம். புண் இல்லாத நாளில் கடல் குளித்தால் உடனே நல்ல தண்ணியில் உப்பைக் கழுவி, ஈரம் ஒற்றி, கிரீம் பூசுங்கோ. வியர்வைக்கும் இதே வழிதான்.

தம்பலகாமம்: கிரீம் டப்பாவுக்குள்ள விரல் விடக் கூடாது என்கினம், உண்மையோ?

உண்மை. நகத்துக் கிருமி டப்பாவுக்குள் போய், திரும்ப உங்கட தோலுக்கே வரும். சுத்தமான கரண்டியால் எடுங்கோ. பிள்ளையின் நகத்தையும் ஒட்ட வெட்டுங்கோ.

திருமலை டவுன்: பார்மசியில எல்லாத்துக்கும் ஒரே கிரீம் என்று தந்தினம். மூண்டு மருந்து கலந்ததாம்.

அதைப் பூசாமல் நிறுத்திவிட்டு, டியூபையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கோ. இப்படிக் கலந்த கிரீமில் பெரும்பாலும் ஸ்டீரொயிட்டும் அன்டிபயோட்டிக்கும் இருக்கும். படர்தாமரைக்கு அதைப் பூசினால் உள்ளுக்குள் பரவிக்கொண்டே மேலுக்கு ஆறினது மாதிரிக் காட்டும். அன்டிபயோட்டிக்கைச் சும்மா பூசிப் பூசி, தேவையான நேரத்தில் கேட்காமலும் போகும்.