விழுந்து கிடப்பவனைச் சுடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 14 வயது மகன் ஆன்லைனில் போர் விளையாட்டு ஆடுகிறான். இன்று இத்தனை பேரைச் சுட்டேன் என்று கணக்குச் சொல்கிறான். மனம் கல்லாகிவிடாதா?

பதில்: அந்தக் கணக்கை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். எந்த ஆட்டம், எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளைகளிடமும், நடத்தை எப்படி என்பதைப் பெற்றோரிடமும் கேட்டார்கள். வன்முறை ஆட்டத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது சற்றே வேறு: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, வன்குற்றத்தோடு முடிச்சுப்போடப் போதிய சான்று இல்லை.

சுடப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருவார் என்பது இருவருக்குமே தெரியும். சதுரங்கத்தில் குதிரையை வெட்டுவது மாதிரிதான். மைக்கில் வரும் வசவு அப்படியல்ல. அதைக் கேட்பவர் நிஜ மனிதர். முகம் தெரியாது, பெயரும் புனைபெயர், மறுபடி சந்திக்கப் போவதுமில்லை. நாக்கு நீள இது போதாதா? ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் ஆடச் சொல்லுங்கள். தோற்றதும் கூட்டாளியிடம் என்ன பேசுகிறான் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: நேரமானதும் வைஃபையை அணைத்தால் வீட்டில் பெரிய சண்டை. என்ன செய்வது?

பதில்: நால்வர் அணியில் ஒருவன் பாதியில் மறைந்தால் மற்ற மூவருக்கும் ஜெயிப்பது கஷ்டம். தரவரிசை ஆட்டமானால் புள்ளி குறையும். சிலவற்றில் தற்காலிகத் தடையும் விழும். கூட்டாளிகளைக் கைவிட வைத்தீர்கள் என்பதுதான் அவன் கோபம். அதில் நியாயம் இருக்கிறது! நூறு பேர் இறங்கும் ஆட்டம் கடைசிவரை போனால் அரை மணி நேரம் ஆகும். 9 மணிக்கு முடிய வேண்டுமானால், 8.30க்குப் பிறகு புது ஆட்டம் கிடையாது என்று பேசி வையுங்கள்.

மைக் வசவுக்கும் வழி உண்டு. ஆட்டத்தின் குரல் அரட்டையை 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். திட்டுபவரை முதலில் மியூட், பிறகு ரிப்போர்ட். பதிலுக்குத் திட்டினால் இவன் மேலும் புகார் வரும். எந்த வயதினர் ஆடலாம் என்று ஆட்டத்தில் போட்டிருக்கும் வயது முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது ஆட்டத்தின் காட்சிகளைப் பார்த்துத் தருவது, அந்நியரின் பேச்சைக் கேட்டு அல்ல.

கேள்வி: போர் நெறியைச் சொல்லித்தரும் ஆட்டம் ஏதாவது உண்டா?

பதில்: குறைவு. அணிக்கு அணி மோதும் ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் பொதுமக்களே இல்லை, அசைவதெல்லாம் குறி. சரணடைய பட்டன் கிடையாது. குண்டடிபட்டுத் தவழ்பவனைத் தீர்த்துக்கட்டினால்தான் புள்ளி என்ற ஆட்டங்களும் உண்டு. நிஜப் போரில் காயம்பட்டுச் சண்டையிட முடியாமல் கிடப்பவரைத் தாக்குவது போர்க்குற்றம். 2017இல் ஆர்மா 3 என்ற போர் ஆட்டத்துக்கு வந்த 'லாஸ் ஆஃப் வார்' (போர் விதிகள்) என்ற கூடுதல் பகுதியில் ஆடுபவர், உதவி அமைப்பொன்றின் வெடிபொருள் அகற்றும் ஆள். 2023இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஃபோர்ட்நைட் என்ற பிரபல ஆன்லைன் ஆட்டத்திலேயே களம் அமைத்து நான்கு விதி வைத்தது: விழுந்தவரைச் சுடாதே, ஆயுதமற்றவரைக் குறிவைக்காதே, குடிமக்களின் கட்டடங்களைத் தாக்காதே, மருந்துப்பெட்டியை எதிரிக்கும் பயன்படுத்து. வழக்கமான ஆட்டத்திலேயே முதல் விதியை மட்டும் ஒருநாள் கடைப்பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். 'கூட்டாளி தூக்கிவிட்டால் அவன் எழுந்து வந்து என்னைச் சுடுவானே' என்பான். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.