பழைய ஜப்பானிய வெள்ளி நாணயம் போலி என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஜப்பானிய இணைய ஏலத் தளம் ஒன்றில், ஒரே விற்பனையாளரிடம் மெய்ஜி கால (1868–1912) வெள்ளி நாணயங்கள் இரண்டை 68,000 யென்னுக்கு வாங்கினேன். ஒன்று 'மெய்ஜி 12' என்று ஆண்டு பொறித்த வணிக டாலர், அதாவது வெளிநாட்டு வணிகத்துக்கென ஜப்பான் வெளியிட்ட வெள்ளி நாணயம். மற்றொன்று மெய்ஜி 34-ஆம் ஆண்டின் ஒரு யென். அதில் வட்டத்துக்குள், வெள்ளி என்று பொருள்படும் 'கின்' (銀) எழுத்து முத்திரையிடப்பட்டுள்ளது. 'நாணயங்களும் முத்திரையும் அசல்' என்று விவரத்தில் இருந்தது. அடியில் 'நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்' என்றும் இருந்தது. எடை போட்டதில் முதலாவது 24 கிராம், இரண்டாவது 26.9 கிராம். இரண்டுமே போலி என்று தோன்றுகிறது. விற்றவர் பணத்தைத் தர மறுக்கிறார். நானும் அதே தளத்தில் விற்றுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? போலி நாணயத்தை வைத்திருப்பது குற்றமா?

பதில்: நண்பர்கள் சொன்ன வழியை முதலில் மறந்துவிடுங்கள். போலி என்று தெரிந்த பிறகு அதை அசல் என்று விற்பது ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 246-ஆம் பிரிவின்படி மோசடி. அதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 'அசலா என்று எனக்குத் தெரியாது' என்று எழுதி விற்றாலும், உண்மையில் தெரிந்திருந்து மறைத்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. இன்றைக்கு நீங்கள் ஏமாற்றப்பட்டவர். அந்த நிலையிலிருந்து நீங்களாகவே குற்றவாளிக் கூண்டுக்கு நகர வேண்டாம். வெளிநாட்டவர் என்பதால் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையிலும் அது குறுக்கே நிற்கும்.

இரண்டு நாணயங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'போலி' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் முன் அவை இரண்டு வேறு வழக்குகள். வணிக டாலர் மெய்ஜி 8, 9, 10 ஆகிய ஆண்டுகளில், அதாவது 1875 முதல் 1877 வரை மட்டுமே அச்சிடப்பட்டது. அதன் எடை 420 கிரெய்ன், சுமார் 27.2 கிராம், எடையும் 900 (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) என்ற வெள்ளித் தரமும் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே 'மெய்ஜி 12' என்ற ஆண்டும், மூன்று கிராமுக்கு மேல் குறையும் எடையும் சேர்ந்தால் அந்த நாணயத்தைப் பற்றி வாதமே இல்லை. எந்த நீதிபதிக்கும் நாணய விலைப்பட்டியல் ஒன்றைக் காட்டியே இதை நிறுவிவிடலாம்.

ஒரு யென் அப்படியல்ல. அதன் முறையான எடை 416 கிரெய்ன், சுமார் 26.96 கிராம், உங்கள் நாணயம் அதற்குப் பொருந்துகிறது. எடை பொருந்துவது மட்டும் அசல் என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் சரியான எடையில் வெள்ளியிலேயே வார்த்த போலிகளும் சந்தையில் உண்டு. ஆனால் மெய்ஜி 34 (1901) இந்த நாணயம் உண்மையில் அச்சிடப்பட்ட ஆண்டுதான். சிக்கல் முத்திரையில் இருக்கிறது. 1897-இல் ஜப்பான், பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு இணைக்கும் தங்க மதிப்பீட்டுக்கு மாறி வெள்ளி யென்னைப் புழக்கத்திலிருந்து விலக்கியபோது, திரும்பி வந்த நாணயங்களில் ஒரு பகுதிக்கு ஒசாகாவிலும் டோக்கியோவிலும் இட்ட அடையாளம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து அச்சான நாணயத்தில் அது இருக்க வழியில்லை. நாணயம் அசலாகவும் முத்திரை மட்டும் போலியாகவும் இருக்கலாம் என்பதால், இதில் முழுப் பணத்தையும் கேட்பதைவிட விலைக் குறைப்பைக் கேட்பது வலுவான நிலைப்பாடு என்று கருதுகிறேன்.

உங்கள் உரிமையின் அடிப்படை ஜப்பானிய சிவில் சட்டத் தொகுப்பின் 562 முதல் 564 வரையுள்ள பிரிவுகள். கொடுத்த பொருள் வகையிலோ தரத்திலோ ஒப்பந்தத்துக்குப் பொருந்தாவிட்டால், சரியான பொருளையும், விலைக் குறைப்பையும், இழப்பீட்டையும், சூழ்நிலைக்கேற்ப ஒப்பந்த ரத்தையும் கோரலாம். சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியவர் 'மறைந்திருந்த குறை' என்று காட்ட வேண்டியிருந்தது. ஆண்டு படத்திலேயே தெரிந்ததே என்று விற்றவர் வாதாட அது இடம் கொடுத்தது. திருத்தத்துக்குப் பின் அந்தச் சொல் சட்டத்தில் இல்லை. இன்று கேட்கப்படும் கேள்வி, இருவரும் எதை விற்று எதை வாங்க ஒப்புக்கொண்டார்கள் என்பதே. அதனால்தான் விவரத்தில் இருந்த 'அசல்' என்ற அந்த ஒரு சொல் உங்கள் வழக்கின் முதுகெலும்பாகிறது. அங்கே 'சான்கோஹின்' என்று, நாணய வணிகர்கள் உறுதி தர முடியாத பொருளுக்குச் சொல்லும் வார்த்தை இருந்திருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன்.

'நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்' என்ற வரியைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அது தேவையற்ற அச்சம். சிவில் சட்டத்தின் 572-ஆம் பிரிவின்படி, விற்றவர் தமக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்ட குறைக்கு அப்படிப்பட்ட விலக்கு செல்லாது. விற்றவர் தொழில்முறை வணிகராக இருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுப்பெறும். அப்போது நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் பொருந்தும்; பொறுப்பை முழுவதும் தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாததாகிவிடும்; முக்கியமான செய்தியில் பொய்யான தகவல் தந்ததற்காக, உண்மை தெரிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். தனிநபர் என்ற பெயரில் விற்பவரும் வணிகராக இருக்கக்கூடும். ஒரு மாதத்தில் 200 பொருள்களையோ, ஒரே நேரத்தில் 100 பொருள்களையோ புதிதாக விற்பனைக்கு வைப்பவரை வணிகராகக் கருதலாம் என்று, மற்றொரு சட்டமான குறிப்பிட்ட வணிகப் பரிவர்த்தனைச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டல் சொல்கிறது; சொந்தச் சேகரிப்பை விற்றுத் தீர்ப்பவருக்கு அதில் விதிவிலக்கும் உண்டு. எனவே அவருடைய மற்ற விற்பனைப் பக்கங்களை இன்றே தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

நாணயங்களைச் சுரண்டவோ, அமிலம் ஊற்றவோ, வெட்டவோ, மெருகேற்றவோ கூடாது. பொருளை வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ பெரிதும் சேதப்படுத்தியவர் ரத்து செய்யும் உரிமையை இழக்க நேரிடும் என்று சிவில் சட்டத்தின் 548-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு, அந்தச் சேதத்தையே காட்டி 'இது நான் அனுப்பிய நாணயம் அல்ல' என்று விற்றவர் மறுக்கவும் வழி பிறக்கும். நீரில் அமிழ்த்தி அடர்த்தியைக் கணிப்பது போன்ற தீங்கற்ற சோதனை போதும்: 900 தர வெள்ளிக்கு அது கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.3 கிராம், வெள்ளி பூசிய செம்புக் கலவைகளில் 9-க்கும் குறைவாக வரும். ஒரு யென்னுக்கு, ஜப்பான் நாணய வணிகர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வை நாடலாம். அசல் என்று கண்ட நாணயத்துக்கு அது சான்றிதழ் வழங்குகிறது.

அடுத்து, அஞ்சல் நிலையத்தில் 'நாய்யோ ஷோமேய்' எனப்படும், உள்ளடக்கத்துக்கே சான்று தரும் கடிதம் ஒன்றை அனுப்புங்கள். குறை தெரிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சிவில் சட்டத்தின் 566-ஆம் பிரிவின் விதி. தொலைபேசியில் சொன்னதை நிரூபிப்பது கடினம். கடிதத்தில் இரண்டு நாணயங்களுக்கும் தனித்தனிக் கோரிக்கையும், பதிலுக்கு ஒரு நாள் கெடுவும் இருக்கட்டும். விற்றவர் வணிகர் என்று தோன்றினால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பதில் வராவிட்டால் எளிய வழக்கு நீதிமன்றத்தில் சிறுதொகை வழக்கு தொடரலாம்: 600,000 யென் வரையிலான பணக் கோரிக்கைக்கு அது உரியது, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. விசாரணை ஜப்பானிய மொழியில்தான் நடக்கும் என்பதால் ஆவணங்களை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்திருப்பது குற்றமா என்று அஞ்ச வேண்டாம். நாணயப் போலிக் குற்றங்களைச் சொல்லும், தண்டனைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு நடப்பிலுள்ள பணத்தைக் காக்கிறது. வெள்ளி யென் 1898 ஏப்ரல் முதல் ஜப்பானில் பணமாகச் செல்லாது. வணிக டாலரும் இன்று பணமல்ல. ஏமாந்து வாங்கிய நீங்கள் அவற்றை ஆதாரமாக வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 1,000 யென் வெள்ளி நாணயம் இன்றும் செல்லுபடியாகும் பணம். அதன் போலி என்றாவது உங்கள் கைக்கு வந்தால் விற்கவோ செலவழிக்கவோ முயலாமல் நேரே காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.